துண்டுக்குக் கீழே மூன்று விரல்

திருப்பதி மின்சிகிச்சை அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மிஷினை ஓட்டக் கற்றுக்கொடுக்க நான் முயலப்போவதில்லை. அது கையேட்டில் இருக்கிறது. நான் சொல்வதைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் கையேடு ஒரே வரியில் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ‘நோயாளி இதமான சூட்டை உணரும் அளவுக்கு ஏற்றவும்.’ ஆழச் சூடு தசைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை டயல் காட்டாது. டயல் மிஷினின் நிலையைக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. அவர் உள்ளதை உள்ளபடி சொல்லுவார் என்று கையேட்டை எழுதியவர் நம்பியிருக்கிறார். அவர் ஒரு மாங்காய்த் தரகருக்கும் வைத்தியம் பார்த்திருக்க மாட்டார்.

எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள். சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கோடி அறையில் அந்த மிஷின் இருந்தது. அதற்கு முன்பு மதராசில் ஒரு தினசரிக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த நான், மிஷினைப் பழகிக்கொண்டு அங்கே ‘கரண்ட் சார்’ ஆகியிருந்தேன். மிஷினில் வால்வு போனால் புது வால்வு கப்பலில் வர வேண்டும். கப்பல்களுக்கு வேறு வேலை இருந்தது. அதனால் நோயாளியைவிட மிஷினை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளும்படி எனக்கு மறைமுகமாக உத்தரவு.

முனிரத்தினம் பங்காருபாளையம் சந்தையில் தரகர். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டான உடம்பு, மொட்டைத் தலை. கழுத்து வலிக்காகத் திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு எங்களிடம் வந்திருந்தார். எனக்கு அதில் ஒரு வசதி: பிடரியில் தோல் சிவந்தால் மறைக்க முடி இல்லை.

வலி எங்கே என்று டாக்டர் கேட்டார்.

“காட்பாடில ஏறுது டாக்டர்” என்று பிடரியைத் தொட்டார் முனிரத்தினம். பிறகு முழங்கையைத் தொட்டார். “சித்தூர்ல கொஞ்ச நேரம் நிக்குது.” கடைசியில் சுண்டு விரலை நீட்டினார். “பாகாலால போய் படுத்துக்குது.”

மூன்றும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக வரும் ஊர்கள். கழுத்தெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடச் சரியாக எழுதியதில்லை. அவரை வார்டில் சேர்த்து, கழுத்துக்கு ஆழச் சூடு கொடுக்கும்படி டாக்டர் எழுதினார். முனிரத்தினத்துக்குத் திருப்தி இல்லை. அவருக்கு வேலை செய்ய மறுத்தது விரல்தான்.

“பாகாலால ரயிலு நிக்கலன்னா நீ இன்னாத்துக்கு சார் காட்பாடில போய் தண்ணி ஊத்துற? விரல சுடு.”

“ரயிலு காட்பாடிலதான் மாட்டிக்கினு இருக்குது. அப்புறம் அந்த விரல் மரத்துப்போயிருக்குது. வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது” என்றேன்.

உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கடுக்கனும் தாயத்தும் எளிதில் வந்தன. வெள்ளி அரைஞாணைக் கழற்ற மறுத்தார். கழற்றினால் வேட்டி நிற்காது என்றார். அவருடைய மனைவி ராஜம்மா, கட்டுத் துணியைக் கிழித்து இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டார். “இந்த முடிச்சு அவுராது. உன் வாய்தான் அவுந்துக்கினே இருக்குது” என்றார். அந்த வாயைப் பற்றி மேலும் விவரங்கள் ராஜம்மாவிடமிருந்துதான் எனக்குக் கிடைத்தன.

பங்காருபாளையம் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகரும் விற்பவரும் தோள் துண்டுக்கு அடியில் வலது கைகளைச் சேர்ப்பார்கள். தரகர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை. விலை ஒத்துவரவில்லை என்றால் விற்பவர் கையை உதறுவார், மறுபடி பேரம். இதற்கிடையே வாய் ஊருக்காகப் பேசிக்கொண்டிருக்கும். காய் புளிப்பு, வண்டி கிடைக்கவில்லை, போன மழையில் எல்லாம் அழுகிவிட்டது, இப்படி. வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். துண்டுக்கு அடியில் பொய் கூடாது. அங்கே பொய் சொன்னவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அதன் பிறகு யாரும் கை கொடுப்பதில்லை.

முந்தின மாங்காய்க் காலத்தில் முனிரத்தினம் அந்தப் பெயரை ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒருவர் கோவிந்தன், ராஜம்மாவின் தம்பி. இருவரும் துண்டு போட்டுப் பேசினார்கள். கை உதறப்படவில்லை. பிறகு பணம் எண்ணும்போது முனிரத்தினம் இரண்டு என்றார். கோவிந்தன் மூன்று என்றார். ‘துண்டுக்கு அடியில் பொய் சொல்கிறான்’ என்று முனிரத்தினம் சந்தை நடுவில் கத்தினார். இருவரும் காணிப்பாக்கம் போய், பிள்ளையார் முன்னால் ஈர வேட்டியோடு சத்தியம் செய்தார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவர் தப்புவதில்லை என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

“அன்னைலேர்ந்து யாருக்கு கண்ணு போவுது, யாருக்கு கால் போவுதுன்னு பாத்துக்கினே இருக்கேன் சார்” என்றார் ராஜம்மா. “ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. எந்தப் பக்கம் வேண்டிக்கிறது? கடைசில இவருக்கு கழுத்து போச்சு.”

கோவிந்தன் மகளுக்கு ஆனியில் கல்யாணம். அத்தை முறை செய்ய வேண்டிய ராஜம்மா, தம்பி வீட்டு வாசலை மிதித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தம்பி வரச் சொல்லவில்லை. புருஷன் போகச் சொல்லவில்லை. முனிரத்தினத்துக்கும் அவசரம் இருந்தது. கழுத்து வலி வெளியே தெரிந்தால் பிள்ளையார் தண்டித்துவிட்டார் என்று சந்தை முடிவு கட்டிவிடும். அடுத்த மாங்காய் இறங்குவதற்குள் அவர் நேரான கழுத்தோடு போய் நிற்க வேண்டும்.

முதல் நாள் மிஷினைப் போட்டேன்.

“சூடு எப்படி?”

“சூடே இல்ல சார். ஏத்து.”

கொஞ்சம் ஏற்றினேன்.

“இன்னா சார், வெறும் பேச்சு மிஷினா இருக்குது? ஏத்து, ஏத்து.”

முகம் அமைதியாக இருந்தது. தற்செயலாகக் கீழே பார்த்தேன். ஸ்டூலுக்கு அடியில் இரண்டு கால்களின் விரல்களும் தரையைப் பிடித்துக் கிழிப்பதுபோல மடங்கியிருந்தன. ஸ்விட்சை அணைத்துவிட்டு, கழுத்தில் வைத்திருந்த மிஷினின் சூட்டுத் திண்டை விலக்கினேன். பிடரி, அடுப்பில் வைத்த கத்தரிக்காய் நிறத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது.

“அவரு மூஞ்சில ஒண்ணும் காட்டமாட்டாரு சார்” என்றார் ராஜம்மா. “மூஞ்சில அடக்கிட்டா கால்ல வரும். பொய் சொன்னாலும் அப்படித்தான். கல்யாணமான புதுசுல நான் மூஞ்சிய பாத்து ஏமாந்துட்டேன்.”

புரிந்துகொள்ளுங்கள், அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. எண்ணையும் அளவையும் வாயால் உண்மையாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. எவ்வளவு என்று கேட்டவுடனே அவருக்குள் தரகர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அப்படியானால் எங்கே உண்மை பேசுகிறாரோ அங்கே போய்க் கேட்பதுதான் வழி. மறுநாள் கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டி, அணைத்துவிட்டு, என் தோளில் இருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு நீட்டினேன்.

“தரகரே, பேசலாமா? சூடு இல்லன்னா ஒண்ணு. இதமா இருந்தா ரெண்டு. அதிகம்னா மூணு.”

அவர் முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, துண்டுக்கு அடியில் கையை விட்டார். என் மூன்று விரல்களைப் பிடித்தார். வாய் தன் பாட்டுக்கு, “சூடே இல்ல சார், மிஷினு பழசு” என்றது. நான் குறைத்தேன்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது ஒரு வாரம் நீடித்தது. தினமும் மூன்று விரல், தினமும் குறைத்தேன். கடைசியில் மிஷின் கொடுத்த சூட்டைவிட ஒரு கம்பளிப் போர்வை அதிகம் கொடுத்திருக்கும். வலி இம்மியும் நகரவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இவருக்கு நாம் என்ன செய்கிறோம், ஆசீர்வாதமா?” என்றார்.

அன்றும் மூன்று விரல். கீழே பார்த்தேன். கால் விரல்கள் தூங்குகிற பிள்ளையின் விரல்களைப் போலத் தளர்ந்து கிடந்தன. பத்திரிகையில் எனக்குக் கற்றுத்தந்த ஒரே உருப்படியான பாடம் இது: நம்பத்தகுந்த இரண்டு பேர் முரணாகச் சொன்னால், நடுவாக எதையாவது எழுதிவைக்காதே, நேரில் போய்ப் பார். கால் அதிகமில்லை என்றது. கை அதிகம் என்றது.

“இப்ப எத்தினி புடிச்சிருக்கீங்க? வாயால சொல்லுங்க” என்றேன்.

“துண்டுக்கு அடில பேசுறத வாயால கேக்கக் கூடாது சார்.”

“இது சந்தை இல்ல. ஆஸ்பத்திரி.”

“ரெண்டு” என்றார். “முதல் நாள்லேர்ந்து ரெண்டுதான். இதமாத்தான் இருக்குது. நீதான் கொறச்சிக்கினே போற, ஏன்னு எனக்குத் தெரியல.”

நான் துண்டை இழுத்தேன்.

“சார்! துண்ட எடுக்கக் கூடாது!”

எடுத்தாகிவிட்டது. மூவரும் பார்த்தோம். கட்டை விரலும் அடுத்த இரண்டும் என் இரண்டு விரல்களை ஒழுங்காகப் பிடித்திருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும், எஜமானுக்குத் தெரியாமல், பக்கத்திலிருந்த மூன்றாவது விரலையும் வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.

முனிரத்தினம் என் கையோடு சேர்த்துத் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “உன் கை பெருசு சார்” என்றார்.

ராஜம்மா மூலையில் இருந்து மெதுவாகச் சொன்னார்: “அப்ப என் தம்பி பொய் சொல்லல.”

டாக்டர் முதலில் அவருடைய கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான் அசைவு தெரிகிறதா என்று சோதித்திருந்தார். வழக்கமாக அவற்றைத்தான் சோதிப்போம், அவை நன்றாகவே இருந்தன. இப்போது நான் கூப்பிட்டதும் வந்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சுண்டு விரலின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“மேல” என்றார் முனிரத்தினம். விரல் கீழே இருந்தது. டாக்டரின் மௌனத்தைக் கவனித்து, “இல்ல, கீழ” என்றார். அதற்குள் டாக்டர் மேலே தூக்கிவிட்டார். “வேணாம் டாக்டர், ரெண்டுக்கும் நடுவுல முடிச்சிக்கலாம்.”

நரம்பு நெருக்கப்பட்டால் வலி வரும், தோல் மரக்கும்; இவை எல்லோருக்கும் தெரியும். உறுப்பு தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் உணர்வும் அதே நரம்பு வழியாகத்தான் போகிறது. அது குறைந்தால் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் கண் அந்த இடத்தை நிரப்பிவிடும். எழுதும்போது கையைப் பார்க்கிறோம். சாப்பிடும்போது இலையைப் பார்க்கிறோம். கண்ணுக்கு வேலையே இல்லாமல், கையை மட்டும் நம்பி நடக்கும் தொழில் உலகத்தில் எத்தனை இருக்கும்? அதில் ஒன்றைச் செய்கிறவருக்கு அந்த நோய் வந்திருந்தது.

பிறகு சிகிச்சை சரியாக நடந்தது. சூட்டின் அளவை இடது கையால் சொல்லச் சொன்னேன். துண்டுக்கு அடியில் இடது கை நீட்டுவது வசைச் சொல்லுக்குச் சமம் என்று ஒரு நாள் முழுக்க மறுத்தார். ராஜம்மா அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்ட பிறகு ஒப்புக்கொண்டார். இடது கை நேர்மையானது. சூடு சரியான இடத்தில் நின்றது, வலி இறங்கியது. “ரயிலு இப்ப சித்தூரத் தாண்டல சார்” என்றார் ஒரு நாள். சில நாளில் அது காட்பாடியிலேயே நின்றுவிட்டது.

விரல்களின் உணர்வு அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும்: கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது, எண்ணுவது, திறந்து சரிபார்ப்பது. அவர் பயிற்சியாகச் செய்ய மாட்டார் என்று தெரிந்ததால் துண்டையே பயிற்சியாக்கினேன். எதிர்க் கை ராஜம்மாவுடையது. ஆண்கள் வார்டில், பட்டப்பகலில், புருஷனும் பெண்டாட்டியும் துண்டுக்கு அடியில் கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மேட்ரன் பார்த்துவிட்டார்.

“மிஸ்டர், இது என்ன ஆஸ்பத்திரியா, வேற எதாவதா?”

“மருந்தும்மா” என்றார் முனிரத்தினம், கண்ணைத் திறக்காமல்.

“இருவது வருஷமா என் கைய தொட்டதில்ல மேட்ரனம்மா” என்றார் ராஜம்மா. “கரண்ட் மிஷினு வந்துதான் புடிக்க வெச்சிது. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

வார்டில் எழுந்த சிரிப்பில் மேட்ரன் ஜபத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் பார்த்தால் கால் முறிந்தவரும் குடல் இறக்கக்காரரும் துண்டு போட்டு ஆஸ்பத்திரி ரொட்டியை விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சிக்கு நடுவே இருவருக்கும் ஒரே தகராறு, தினமும்.

“ஆனிக்குள்ள என் தம்பிகிட்ட போய் சொல்லு.”

“சொல்றேன். வீட்டாண்ட போய், தனியா கூப்ட்டு சொல்றேன்.”

“சந்தைல சொன்னத சந்தைலதான் எடுக்கணும்.”

“என் கை தப்புன்னு நானே சந்தைல சொன்னா, அப்புறம் எவன் எனக்கு கை குடுப்பான்? இன்னாத்த துன்னுவோம்?”

முனிரத்தினம் கேட்டதில் நியாயம் இருந்தது. தரகருக்கு இருக்கும் ஒரே சரக்கு அவருடைய கை. அதைக் குறை சொல்லித்தான் மச்சானைக் காப்பாற்ற வேண்டும்.

சந்தை தொடங்கிய முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நான் பஸ் பிடித்துப் பங்காருபாளையம் போனேன். அந்தக் கையில் எனக்கும் பங்கு இருந்தது. முனிரத்தினம் நிமிர்ந்த கழுத்தோடு, முளைத்துவந்த முள் முடியோடு, வைக்கோல் பரப்பிய மாங்காய்க் குவியல்களுக்கு நடுவே நின்றிருந்தார். வண்டிகளின் பக்கம் ராஜம்மா. சற்றுத் தள்ளி, தன் சுமையோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார் கோவிந்தன். ஒல்லியான, கோபம் ஆறாத மனிதர்.

முனிரத்தினம் நேராக அவரிடம் போய், துண்டைக் கையின் மேல் போட்டு நீட்டினார். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

“என் கை பொய் சொல்ற கை” என்றார் கோவிந்தன். “உனக்கு இன்னாத்துக்கு மாமா அது?”

“பொய் சொல்ற கையோ, சொல்லாத கையோ, மாங்கா வெயில்ல வேவுது. குடு.”

கோவிந்தன் அக்காவைப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டார்.

அந்தப் பேரம் வழக்கத்தைவிட நெடுநேரம் நடந்தது. முனிரத்தினத்தின் வாய், “இதெல்லாம் ஒரு காயா? ஆடு துன்னுமா இத?” என்று கடமையைச் செய்துகொண்டிருந்தது. கோவிந்தன் முகம் இறுகியிருந்தது; பிறகு புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.

“இன்னா மாமா, வெல சொல்றியா, கைய புடிச்சிக்கினு தூங்குறியா?”

முனிரத்தினம் இடது கையால் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

சந்தையில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை. யாரோ தெலுங்கில் “ஏமய்யா!” என்று கத்தினார். இரண்டு கைகளும் வெட்டவெளியில் தெரிந்தன.

“எத்தினி புடிச்சிருக்கேன்? எல்லாரும் பாத்து சொல்லுங்க.”

“மூணு!” என்றது கூட்டம்.

“எனக்கு இப்பவும் ரெண்டுன்னுதான் தோணுது” என்றார் முனிரத்தினம். “கழுத்துல நரம்பு. டாக்டர் சொன்னாரு. போன வருஷமும் இதான் நடந்துச்சி. மச்சான் சொன்ன மூணுதான் சரி. நான் ரெண்டுன்னு கத்தினேன். ரெண்டு பேரும் பொய் சத்தியம் பண்ணல. என் கைதான் பண்ணுச்சி.”

நான் கீழே பார்த்தேன். அவருடைய கால் விரல்கள் வைக்கோலுக்குள் முழுவதுமாகப் புதைந்து மடங்கியிருந்தன.

“அப்ப இனிமே உன் கைய நம்பி எவன் துண்டு போடுவான்?” என்றார் பின்னால் இருந்து ஒரு வியாபாரி. அது எல்லோருடைய கேள்வியும்தான்.

“நான் போடுவேன்” என்றார் கோவிந்தன். மாமாவின் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போட்டார். “உனக்கு இன்னாய்யா? என் காய், என் மாமா. கை நல்லாத்தான் இருக்குது. இப்பத்தான் பேசிப் பாத்தேன்.”

“இன்னா பேசினாரு?”

“துண்டுக்கு அடில பேசினத வெளிய சொல்லுவாங்களா?”

கோவிந்தன் கை கொடுத்தார். அவரைப் பார்த்து, பாதி வேடிக்கைக்காகவும் பாதி சோதிக்கவும், இன்னும் சிலர் கொடுத்தார்கள். மாலைக்குள் ஒரு விலையிலும் தகராறு வரவில்லை. காலி வண்டியில் ராஜம்மா தம்பியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். கல்யாணப் புடவையின் நிறத்தைப் பற்றி ஏற்கனவே சண்டை தொடங்கியிருந்தது.

நான் பஸ்ஸுக்குப் போகும் முன் முனிரத்தினத்தைத் தனியே பிடித்தேன். எனக்கு அது வைத்திய சம்பந்தமான கேள்வி.

“உண்மையச் சொல்லுங்க. இன்னைக்கு பூரா உங்க கை ஒரு வெலைலயும் தப்பல. துண்ட எடுத்தப்போ மூணு புடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“இல்ல சார்” என்றார், முகத்தில் ஒரு கோடு அசையாமல். “சத்தியமா ரெண்டுன்னுதான் நெனச்சேன்.”

நான் கீழே பார்த்தேன். பதில் சொல்வதற்கு முன்பே அவர் இரண்டு கால்களையும் ஒரு மாங்காய்க் கூடைக்குப் பின்னால் நகர்த்திவைத்திருந்தார்.